குர்நூரின் இடது காது

"பேரு கிடக்கட்டும், நம்பர் சொல்லு தம்பி" என்று ஸ்கோர் எழுதுகிறவர் கேட்டதும் வெயிலுமுத்து கொஞ்சமும் யோசிக்காமல் "இருபத்துமூணு" என்றான், சொன்ன கையோடு, ஆள் மாற்றும்போது உள்ளே போகிறவன் காத்திருப்பதற்காக மேசைக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தும்விட்டான். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவன் மார்பைப் பார்த்தார். மார்பில் பதினாலு. நீல பனியனில் வெள்ளையாக, கதவிலக்கம் மாதிரி, ஒரு சாண் உயரத்துக்குப் பதினாலு. "இன்னாப்பா, உன் நம்பரே உனக்குத் தெரியலையா? இருபத்துமூணு அதோ ஓடுறான் பாரு, லூதியானாக்காரன்" என்று பேனா முனையால் காட்டினார், வெயிலுமுத்துவும் ஏதோ புதுசாகப் பார்ப்பவன்போலத் திரும்பிப் பார்த்தான். ஓடுவது யாரென்று அவனுக்கா தெரியாது. குர்நூர் பாஜ்வா, லூதியானா கூடைப்பந்து அணியின் ஃபார்வர்டு, முன்னால் நின்று கூடையில் எறிகிறவன், இடதுகைக்காரன், வலது காலை லேசாக இழுத்து ஓடுவான், பந்து வேண்டுமென்றால் முதலில் இடது காதைத் தொடுவான், அப்புறம் கையைத் தூக்கி "ஹோய்!" என்பான், அந்த ஹோயில் கடைசி எழுத்து கொஞ்சம் மூக்கால் வரும். பத்து நாளாகக் காலையும் மாலையும் பயிற்சியில் இருபத்துமூணு எழுதிய மஞ்சள் அங்கியை மாட்டிக்கொண்டு குர்நூராக இருந்தவன் வெயிலுமுத்துதான். அவன் வேலையே அதுதான். சென்னை அணி அவனை வைத்திருப்பது ஆடுவதற்காக அல்ல, அடுத்து மோதப்போகும் அணியின் ஃபார்வர்டைப்போல ஆடிக் காட்டுவதற்காக. அவனை வைத்து மற்றவர்கள் அந்த ஃபார்வர்டை எப்படி மறிப்பது என்று பழகிக்கொள்வார்கள், ஆட்டத்தன்று அவன் பெஞ்சுக் கடைசியில் துண்டும் தண்ணீர்ப் பாட்டிலுமாக உட்கார்ந்திருப்பான். இன்றைக்குத்தான் முதல் தடவையாக நாற்காலிவரைக்கும் வந்திருக்கிறான். "பதினாலு சார், பதினாலுதான்" என்று திருத்தினான், அது யாரோ ஒருத்தனுடைய நம்பரைத் தெரியாத ஊரில் விசாரித்துச் சொன்னதுபோல இருந்தது. "விசில் அடிக்கட்டும், அப்புறம் போ" என்றார் அவர். விசில் அடிக்கவில்லை. பந்து வெளியே போகணும், இல்லை எவனாவது எவனையாவது இடிக்கணும், அப்போதுதான் ஆள் மாற்ற முடியும், ஆனால் பந்து அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்து மறுபடி அந்தப் பக்கம் போய்க்கொண்டே இருந்தது, எவனும் இடிக்கவில்லை, இவ்வளவு நாகரிகமாக இவர்கள் என்றைக்கும் ஆடியதில்லை.

நேற்று சாயங்காலம் பயிற்சி முடிந்ததும் கோச் தியாகராஜன் கூப்பிட்டார். அவர் அந்தக் காலத்தில் வங்கி அணிக்கு ஆடியவர், ஆட்டம் முடிந்த பிறகும் வங்கியில் முப்பது வருஷம் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவர், அதனால் யாரையும் நீ என்று சொல்லமாட்டார், கத்தமாட்டார், தோற்றால்கூட 'கொஞ்சம் பாத்துப் பண்ணியிருக்கலாம்' என்று காசோலையைத் திருப்பிக் கொடுக்கிறமாதிரிதான் சொல்வார். "வெயிலுமுத்து, கொஞ்சம் உக்காருங்க. தப்பா எடுத்துக்காதீங்க. போன ஆட்டத்துக்கு நீங்க கொச்சிக்காரரா இருந்தீங்க, ரொம்பப் பிரமாதம். அதுக்கு முன்னாடி அந்த அமெரிக்கக்காரரா இருந்தீங்க, நம்ம ஆளுங்களே பயந்துட்டாங்க. இப்ப குர்நூர், கேக்கவே வேண்டாம். நாளன்னிக்கு நான் மிச்ச சீசனுக்குப் பன்னிரண்டு பேரை முடிவு பண்ணணும். பதினொண்ணு முடிஞ்சுது. மிச்சம் ஒரு இடம், ஒண்ணு நீங்க, இல்லேன்னா நம்ம சித்தேஷ். ஆனா பாருங்க, உங்க ஆட்டம் எதுன்னு எனக்கு இன்னும் தெரியலை. நாளைக்குக் கொஞ்ச நேரம் உள்ள அனுப்பறேன். அதை மட்டும் காட்டிடுங்க." அதை மட்டும். ஏதோ பெட்டியில் பூட்டி வைத்திருப்பதை எடுத்துக் காட்டச் சொல்வதுபோல. சரி சார் என்றான், அந்த சரி சாரைக்கூட அவனுடைய குரலில் சொல்லவில்லை, கல்லூரி விடுதி வார்டனிடம் பேசும் சமையல்காரர் குரலில்தான் சொன்னான், அது வாய்க்குத் தானாக வந்தது. இடம் கிடைக்காவிட்டால் ஊருக்குப் போகணும், ஊருக்குப் போனால் மாமாவின் டயர் கடை, அதையும் மாமா ரொம்பப் பெருந்தன்மையாகச் சொல்லிவைத்திருக்கிறார், 'உயரமா இருக்கான், மேல் தட்டுல இருக்கிற டயரை ஏணி இல்லாம எடுப்பான்' என்று. ராத்திரி படுக்கையில் கால் நீட்டி (கட்டில் எப்போதும் கணுக்காலோடு முடிந்துவிடும்) என் ஆட்டம் எது, என் ஆட்டம் எது என்று புரண்டான், பக்கத்துக் கட்டிலில் இருந்த ஜெயசீலன், பெரம்பூர்ப் பையன், அணியின் கார்டு, பந்தை எடுத்து வருகிறவன், "மச்சி, இன்னா முணுமுணுன்ற? பஞ்சாபிலயா கனவு காண்ற?" என்றான். "ஜெயா, நான் எப்படிடா ஆடுவேன்?" என்று கேட்டான் வெயிலுமுத்து. ஜெயசீலன் சீரியஸாக யோசித்தான், அதுதான் பயமாக இருந்தது. "யாரா இருக்கும்போது?" என்றான்.

யாரா இருக்கும்போது. அப்பா இருந்தால் சிரித்திருப்பார், அப்பா இருக்கத்தான் செய்கிறார், கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக மைக்குக்கு முன்னால் இருக்கிறார், ஆனால் சிரிக்கமாட்டார். எட்டாவது படிக்கும்போது அப்பா டீ குடிக்கப் போன சமயம் பார்த்து வெயிலுமுத்து அந்தக் கூண்டுக்குள் நுழைந்து மைக்கைத் தட்டி, அப்பா தட்டுகிற மாதிரியே ரெண்டு தட்டு, தொண்டையைச் செருமி, அப்பா செருமுகிற மாதிரியே கரகரவென்று, "சாத்தூர் விருதுநகர் மதுரை, எடு எடு எடு, நேரமாச்சி, அந்த சாந்தமூர்த்தி வண்டியை எடுய்யா, பின்னால மூணு வண்டி நிக்கி" என்றான், சாந்தமூர்த்தி டிரைவரும் அப்பா குரலுக்குக் கட்டுப்பட்டு நல்லபிள்ளையாக வண்டியை எடுத்தார், கண்டக்டர் கையில் வடையோடு பின்னாலேயே ஓடினார், ஓடிய ஓட்டத்தில் பை திறந்து சில்லறை பஸ் ஸ்டாண்டு முழுக்க உருண்டது, ஜனம் குனிந்து பொறுக்கியது. அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பில் வயிறு புண்ணாகிவிட்டது. அப்பா அடிக்கவில்லை. மைக்குக்கு முன்னால் வந்து நின்றார், வாயைத் திறந்தார், பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "ஏலே, நான் அப்படியா பேசுதேன்?" என்று கேட்டார். அதற்கப்புறம் ஒரு வாரம் அப்பா மைக்கில் பேசினால் வெயிலுமுத்து பேசுகிற மாதிரியே இருந்தது, அப்பா அவனைப்போலப் பேசினாரா அல்லது அவன் பேசிய அப்பாவைப்போலப் பேசினாரா, இதை அவன் பலதடவை யோசித்துப் பாதியில் விட்டிருக்கிறான், இப்போதும் பாதியில் விட்டான், ஏனென்றால் பந்து பக்கக் கோட்டுக்கு மிக அருகே உருண்டது, விசில் வரப்போகிறது, எழுந்தான், பாதி எழுந்தான், ஜெயசீலன் பாய்ந்து ஒற்றைக் கையால் பந்தை உள்ளே தட்டிவிட்டான், ஜனம் ஹோ என்றது, வெயிலுமுத்து உட்கார்ந்தான். "அவசரப்படாத, உன்னை விட்டுட்டு எங்கயும் போயிடாது" என்றார் ஸ்கோர்காரர். கண்டக்டர் ஞாபகம் வந்தது. வடை.

கோவில்பட்டியில் பிறந்தவன் கூடைப்பந்து ஆடுவதே ஊருக்குச் செய்கிற துரோகம். அங்கே பிள்ளை நடக்கப் பழகும்போதே கையில் ஹாக்கி மட்டையைக் கொடுத்துவிடுவார்கள், இவன் ஒன்பதாவதிலேயே பனைமட்டை மாதிரி வளர்ந்துவிட்டான், குனிந்து மட்டை பிடித்தால் முதுகு பிடித்துக்கொண்டது, பி.டி. வாத்தியார் "நீ போய் அந்தச் செவத்துல தொங்குதே அதுல எறி போ" என்று துரத்திவிட்டார். மைதானத்துச் சுவரில் யாரோ எப்போதோ அடித்த ஒரு வளையம், வலை கிடையாது, அதற்கு நேர் முன்னால் ஒரு வேப்பமரக் கிளை. மேலே எறிந்தால் பந்து இலையில் சிக்கும். அதனால் அவன் கிளைக்கு அடியில், கொஞ்சம் முழங்காலை மடக்கி, இடுப்பிலிருந்து, சோற்றுப் பானையை அடுப்பிலிருந்து தூக்கித் தள்ளுகிற மாதிரி இரண்டு கையாலும் தட்டையாகப் பந்தைத் தள்ளுவான், அது சுவரில் அடித்து வளையத்துக்குள் விழும், பெரும்பாலும் விழும். ஹாக்கிப் பையன்கள் சுற்றி நின்று "ஏலே, மட்டை எங்கலே? கஞ்சி வடிக்கியா?" என்பார்கள். தூத்துக்குடியில் கல்லூரிக்குப் போன முதல் நாள் அந்த எறியைப் பார்த்த கல்லூரி கோச் வாயில் இருந்த விசிலை எடுத்து, "இது என்னது?" என்றார். "எறியுதேன் சார்." "இதை யார்கிட்டயும் காட்டாத" என்றார். காட்டவில்லை. அவர் காட்டச் சொன்ன மாதிரி முழங்கையை மடித்து, மணிக்கட்டை உடைத்து, விரலை வாத்துக் கழுத்துபோல விட்டு, ஒரே மாசத்தில் கற்றுக்கொண்டான், அது அவனுக்குக் கஷ்டமே இல்லை, யாரைப் பார்த்தாலும் அவன் உடம்பு அவராகிவிடும். சீனியர் ஒருத்தனின் கொக்கி எறி, எதிர்க்கல்லூரிக்காரனின் தாவல், விருதுநகரில் ஒரு போலீஸ் அணி ஆள் மூச்சு விடுகிற விதம்கூட. மூன்று வருஷத்தில் பல்கலைக்கழக அணி, மாநில அணி, பேப்பரில் போட்டோ. 'பல்திறன் வீரர்' என்று போட்டிருந்தார்கள். பல் திறந்த வீரர் என்று படித்துவிட்டு அம்மா, "ஆமா, போட்டோவுல சிரிச்சிட்டுத்தான் இருக்கான்" என்றாள்.

அப்புறம் அந்த நாள், அதை நினைக்கக் கூடாது, நினைத்தாயிற்று. லீக் ஆரம்பித்து எட்டு அணிகளும் மும்பையில் ஏதோ ஓட்டலில் உட்கார்ந்து நாடு முழுக்க இருந்து ஆட்டக்காரர்களைப் பேர் சொல்லி எடுக்கிற நாள். விடுதி டி.வி. ஹாலில் எல்லாரும் கூடியிருந்தார்கள், ஜூனியர்கள் சிவகாசிக்குப் போய்ப் பத்தாயிரம் வாலா சரம் வாங்கி வந்து அதை மலைப்பாம்பு மாதிரி சுருட்டி வாசலில் வைத்திருந்தார்கள், ஒருத்தன் ஊதுபத்தியோடு தயாராக நின்றான். கோட்டுப் போட்ட ஆள் ஒவ்வொரு பேராகச் சொல்ல, வெயிலுமுத்து அந்தக் குரலைத் திருப்பிச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான், "அடுத்து, சென்னை அணி தேர்ந்தெடுப்பது... வெய்ல்... வேயில்... முட்டு!" ஹால் அதிர்ந்தது. சிரிப்பு அடங்கும்போது டி.வி.யில் கோட்டுப் போட்டவர் எழுந்து எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டிருந்தார். ஊதுபத்திக்காரன் "முடிஞ்சிருச்சாண்ணே?" என்றான். அவன் ஊதுபத்தியை என்ன செய்வதென்று தெரியாமல் ஜன்னலில் இருந்த பிள்ளையாருக்கு முன்னால் குத்திவிட்டுப் போனான். அம்மாவின் போன். "எய்யா, பேரு சொன்னாங்களா?" "சொல்லலம்மா." "நம்ம பேரு நீளமுல்லா, கடைசியில சொல்லுவாங்களா இருக்கும்." "முடிஞ்சிருச்சும்மா." "டி.வி.யை அணைச்சிட்டு மறுபடி போட்டுப் பாரேன்" என்றாள். சரத்தை அவன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தார்கள், எட்டு மாசம் அதன்மேல்தான் தூங்கினான், கடைசியில் வார்டன் ரிட்டயர் ஆனபோது அதைக் கொளுத்தினார்கள், வார்டன் கண்கலங்கிப்போய், "இவ்வளவு பிரியமாடா" என்றார். அதற்கப்புறம் சென்னையில் திறந்த தேர்வு, யார் வேண்டுமானாலும் வரலாம் என்று நூற்றுக்கணக்கில் உயரமான பையன்கள் வெயிலில் வரிசையாக, அங்கே மதிய இடைவேளையில் சும்மா பொழுது போகாமல் லீக்கில் இன்னொரு அணிக்கு ஆடும் அமெரிக்கக்காரன் நடக்கிற மாதிரி, தோளை ஆட்டி, வாயில் இல்லாத சூயிங்கத்தை மென்று, பந்தைத் தட்டிக்கொண்டு போனான். எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தர் சிரிக்கவில்லை. "தம்பி, அவர் வலது பக்கம் போறதுக்கு முன்னாடி என்ன பண்ணுவார், காட்டுங்க" என்றார் கோச் தியாகராஜன். இப்படித்தான் அவன் உள்ளே வந்தான், தன்னைக் காட்டி அல்ல, இன்னொருத்தனைக் காட்டி, வந்த வழியே அப்படி என்றால் இப்போது போய் உன் ஆட்டத்தைக் காட்டு என்றால் அதை எங்கே போய்த் தேடுவது, கொக்கி எறி சீனியருடையது, தாவல் எதிர்க்கல்லூரிக்காரனுடையது, மூச்சு போலீஸ்காரருடையது, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டால் மிச்சம் இந்த நாற்காலியில் என்ன உட்கார்ந்திருக்கும், ஒரு பனியனும் பதினாலும்.

காது அரித்தது. இடது காது. மடலுக்குக் கீழே, கொசு கடித்த மாதிரி. கையைத் தூக்கியவன் பாதியில் நிறுத்தினான், ஏனென்றால் அங்கே மைதானத்தில் குர்நூர் அதே நேரத்தில் அதே காதைத் தொட்டுக்கொண்டிருந்தான். அவன் தொட்டதைப் பார்த்து இவனுக்கு அரிக்கிறதா, இல்லை உண்மையிலேயே அரிக்கிறதா. பெஞ்சில் இருந்து சித்தேஷ் பார்த்துக்கொண்டிருந்தான், மிச்சமிருக்கும் ஒரே இடத்துக்குப் போட்டியாக இருப்பவன், நாசிக்கிலிருந்து வந்தவன், நல்லவன், நேற்று வாழைப்பழம் கொடுத்தான், அவனைப் பிடிக்காமல் போயிருந்தால் எவ்வளவு வசதி. இப்போது காதைச் சொறிந்தால் பெஞ்சு முழுக்கச் சிரிக்கும், 'பாருடா, இன்னும் குர்நூராவே இருக்கான்' என்று, கோச்சும் பார்ப்பார், தலையை ஆட்டுவார், கொஞ்சம் பாத்துப் பண்ணியிருக்கலாம் என்பார். சொறியாமல் உட்கார்ந்தான். அரிப்பு காதிலிருந்து கழுத்துக்கு இறங்கி, முதுகுக்குப் போய், மறுபடி காதுக்கே வந்தது. மண்டபத்து விளக்கெல்லாம் சேர்ந்து ஒரு ரீங்காரம் போட்டது, தரையில் ஷூ உரசும் கீச்சுக் கீச்சு, பாப்கார்ன் வாசனை, அறிவிப்பாளர் எதற்கோ "ஓஹோஹோ" என்றார். சாத்தூர் விருதுநகர் மதுரை. எடு எடு எடு. நான் எந்தப் பக்கக் கூடைக்கு எறியணும்? பயிற்சியில் குர்நூராக இருக்கும்போது அவன் எறிவது ஸ்கோர் பலகை இருக்கிற பக்கம். இன்றைக்கு அந்தப் பக்கம் குர்நூருடையது. அப்படியென்றால் எனக்கு வாசல் பக்கம். வாசல் பக்கம், வாசல் பக்கம், பாதி நேரம் முடிந்ததும் பக்கம் மாறிவிட்டதா, மாறிவிட்டதுதான், மாறியபிறகுள்ள பக்கம்தான் இது, அப்படித்தானே? ஸ்கோர்காரரைக் கேட்கலாமா? நம்பரும் தெரியாமல் பக்கமும் தெரியாமல் ஒருத்தன் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொல்வார். கேட்கவில்லை. அப்போதுதான் விசில் அடித்தது.

பந்து லூதியானாக்காரர்களுக்கு. அவனை உள்ளே வரச்சொல்லி நடுவர் கையை ஆட்டியதும் கால் முதலில் போயிற்று, அவன் அதன் பின்னால் போனான். "யாரை எடுக்குற?" என்று ஜெயசீலன் கத்தினான், "குர்நூர்!" என்று இவனே பதிலுக்குக் கத்தினான், மறிக்க வேண்டியது குர்நூரை, மறி, ஒட்டிக்கொள், விடாதே. பக்கத்தில் போய் நின்றான். குர்நூர் இவனை ஏற இறங்கப் பார்த்தான், புது முகம், கணக்கில் சேர்க்கவில்லை. கிட்டத்தில் அவன் மேல் கடுகெண்ணெய் வாசனை அடித்தது, அது வீடியோவில் தெரியாத விஷயம், பத்து நாளாக இவன் கடுகெண்ணெய் இல்லாத குர்நூராக இருந்திருக்கிறான். லூதியானாவின் கார்டு பந்தைத் தட்டிக்கொண்டு வந்து முஷ்டியை உயர்த்தி "லஸ்ஸி!" என்றான். லஸ்ஸி என்பது அவர்களுடைய ஒரு திட்டத்தின் பேர், அதில் குர்நூர் வலது பக்கமிருந்து, வழியை மறித்து நிற்கும் சொந்த அணித் தடுப்பாளுக்குப் பின்னால் வளைந்து ஓடி, இடது மூலைக்குப் போய், காதைத் தொட்டு, கையைத் தூக்கிப் பந்து வாங்கணும். பத்து நாளில் எத்தனை லஸ்ஸி. அந்தச் சொல் காதில் விழுந்ததும் வெயிலுமுத்துவின் உடம்பு அவனைக் கேட்கவில்லை. வலது காலை இழுத்து ஓடியது. தடுப்பாளுக்குப் பின்னால் வளைந்தது. தான் மறிக்க வேண்டிய ஆளை அங்கேயே நிற்க விட்டுவிட்டு, அவனுக்கு முன்னாலேயே, அவன் போகவேண்டிய மூலைக்குப் போய், காதைத் தொட்டு, கையைத் தூக்கி, மூக்கால் "ஹோய்!" என்றது. "டேய், எங்கடா போற?" என்று ஜெயசீலன் அலறியதும், அடப்பாவி என்ன செய்துவிட்டேன் என்று உறைத்ததும், பந்து கையில் வந்து விழுந்ததும் ஒன்றாக நடந்தன. அந்த லூதியானா கார்டு நிற்பது யாரென்று பார்க்கவே இல்லை. ஆயிரம் தடவை எறிந்த இடம், எறிந்த நேரம், எறிந்தான். ஒரு கணம் மண்டபத்தில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை, எல்லாரையும்விட வெயிலுமுத்துவுக்குப் புரியவில்லை, எதிரே கூடை இருக்கிறது, எறி, இங்கேதான் எறிவேன், தினம் இங்கேதானே எறிகிறேன், கையைத் தூக்கினான், ஸ்கோர் பலகை கண்ணில் பட்டது, ஸ்கோர் பலகை, அந்தப் பக்கம், வாசல் பக்கம்! திரும்பினான். ஓடினான். முன்னால் ஒருத்தரும் இல்லை, வெறும் தரை, பளபளவென்று, ஜனத்தின் சத்தம் சுவர் மாதிரி எழுந்தது, பந்தை எந்தக் கையால் தட்டுகிறோம் என்று குனிந்து பார்த்தான், இடது கை, ஐயோ இடது கை, வலதுக்கு மாற்றினான், மாற்றியதில் கால் தடுமாறியது, வாசல் பக்கக் கூடைக்கு அடியில் தாவும்போது பின்னாலிருந்து கடுகெண்ணெய் வாசனை வந்தது, அப்புறம் ஒரு பெரிய தோள் வந்தது. விழுந்தான். பந்து எங்கோ போயிற்று. விசில்.

குர்நூர்தான் கைகொடுத்துத் தூக்கினான். தூக்கிவிட்டு, கையை விடாமல், இவன் முகத்தைப் பார்த்து, தன் காதைத் தொட்டுக் காட்டி, இந்தியில் "நான் அப்படியா செய்கிறேன்?" என்று கேட்டான். கோபமாக இல்லை. உண்மையிலேயே தெரியாமல் கேட்டான். பின்னால் அவர்களுடைய கார்டு நடுவரிடம் தொண்டையைக் காட்டிக் காட்டி, கூப்பிட்டது இவன்தான் என்று முறையிட்டான், நடுவர் தோளைக் குலுக்கினார். இரண்டு இலவச எறிகள். வளையத்துக்கு எதிரே கோட்டில் தனியாக நிற்கணும், யாரும் மறிக்கமாட்டார்கள், யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள், நடுவர் பந்தைக் கொடுத்ததும் ஐந்து விநாடிக்குள் எறியணும். மேசைப் பக்கம் பார்த்தான், சித்தேஷ் ஏற்கெனவே மேல்சட்டையைக் கழற்றிவிட்டு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவ்வளவுதானா? தன் ஆளை விட்டுவிட்டு ஓடினானே, கோச் பார்த்தாரே. கோச் கைகளைக் கட்டிக்கொண்டு, கணக்கில் ஏதோ இடிக்கிறது என்பதுபோல நின்றார். முதல் பந்து வந்தது. கோட்டில் ஒவ்வொருத்தனும் ஒன்று செய்வான், குர்நூர் காதைத் தொடுவான், அமெரிக்கக்காரன் பந்துக்கு முத்தம் கொடுப்பான், கொச்சிக்காரன் கண்ணை மூடி ஏதோ ஜெபிப்பான், ஒவ்வொன்றாக மனசுக்குள் எடுத்துப் பார்த்து வைத்தான், ஒன்றும் சேரவில்லை, கல்லூரி கோச் சொன்னபடி முழங்கையை மடித்து மணிக்கட்டை உடைத்து எறிந்தான். வாத்துக் கழுத்து அழகாக இருந்தது. பந்து வளையத்தைத் தொடக்கூட இல்லை. மேலே எங்கோ ஒருத்தன் "அண்ணே, கூடை அங்க இருக்கு!" என்றான், சிரிப்பு பரவியது, சிரிப்புக்கு அவனும் சிரிக்கப் பார்த்தான், தான் தவறவிட்டதையே வேறு யாரோ எறிந்ததுபோல நடித்துக் காட்டிச் சிரிக்க வைக்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது, அப்பா மைக்குக்கு முன்னால் வாயைத் திறந்து நின்றது ஞாபகம் வந்தது, இரண்டாவது பந்தும் கைக்கு வந்துவிட்டது. காது அரித்தது. இந்தத் தடவை தாங்கமுடியாமல், மடலிலிருந்து உள்ளே வரைக்கும். குர்நூர் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மாதான் நின்றான், அவன் தொடவே இல்லை, அப்படியென்றால் இது யாருடைய அரிப்பு? நடுவர் விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். வெயிலுமுத்து பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காதைச் சொறிந்தான், நன்றாக, நகத்தால், அம்மா பார்த்தால் "எய்யா, புண்ணாக்கிராத" என்று சொல்கிற அளவுக்கு. பெஞ்சு சிரித்தது. ஜனம் சிரித்தது. ஆஹா, என்ன சுகம். நேரம் போய்விட்டது, முழங்கை மடிக்க நேரமில்லை, பந்து ஏற்கெனவே இடுப்பில்தான் இருந்தது, முழங்காலை மடக்கினான், மேலே பார்த்தான், கிளை இல்லை, ஆனாலும் குனிந்தான், இரண்டு கையாலும் பானையைத் தள்ளுகிற மாதிரித் தட்டையாகத் தள்ளிவிட்டான். யாரோ "இது என்னது?" என்றார்கள். பந்து வாத்தும் இல்லை கொக்கியும் இல்லை, பஸ்ஸைத் துரத்துகிற கண்டக்டர் மாதிரித் தாழ்ந்து ஓடிப் பலகையில் பட்டென்று அடித்து வளையத்துக்குள் விழுந்தது. சிரிப்பு நடுவில் நின்றுபோயிற்று, எதற்குச் சிரித்தோம் என்று தெரியாமல் நிற்கிற மாதிரி. மேசைப் பக்கத்திலிருந்து சித்தேஷ் உள்ளே வருவதற்கு நாற்காலியை விட்டு எழுந்தான். கோச் தியாகராஜன் அவசரமாக ஓடிப்போய், ஸ்கோர்காரரிடம் வேண்டாம் என்று கையை மறித்துக் காட்டி, சித்தேஷின் தோளை மெதுவாக அழுத்தினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க கொஞ்சம் உக்காருங்க" என்றார். "அவர் ஆடட்டும்." எவர் என்று வெயிலுமுத்து திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.